வளை பார்க்கத் தெரிந்தவனுக்கே நாய்

கும்பப்பூ நடவு முடிந்ததும் எலி பிடிக்கிற நாய்க்குட்டி கேட்டு இளவட்டப் பையன்கள் என் வீட்டுக்கு வரத் தொடங்குவார்கள். குட்டி இருந்தாலும் உடனே கொடுப்பதில்லை. ஒரு பூ, அதாவது ஒரு நெல் பருவம் முழுக்க நாயில்லாமல் வரப்பு நடந்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சிலருக்கு வருத்தம்தான். நாய் இருந்தால் எலி தானாக மாட்டும் என்று நினைத்து வருகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் தேரூர், சுசீந்திரம், தாழக்குடி வயல்களில் நான் பார்த்தது வேறு. எலி பிடிப்பதில் நாய்க்கு உள்ள வேலை கடைசிக் கால் மணி நேரம்தான். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் மனுஷன் வேலை. அதை அவன் ஒழுங்காகச் செய்யாவிட்டால் எத்தனை நல்ல நாயும் வரப்பை நோண்டிப் பாழாக்குமே தவிர எலி கிடைக்காது.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பாட்டா. சொந்த வயல் கிடையாது. தோவாளைப் பக்கமிருந்து அகஸ்தீஸ்வரம் வரை பண்ணையார்கள் அவரை ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள். மம்பட்டி, ஒரு பானை, பழைய மீன்வலைத் துண்டு, ஒரு நாய். அவ்வளவுதான் அவர் கையிருப்பு. வலைத் துண்டை இராஜாக்கமங்கலம் துறையில் கேட்டு வாங்கி வருவார். நான் அவர் பின்னால் மண் சுமக்கிற பையனாகச் சேர்ந்தேன்.

அவரோடு போன ஒரு காலை இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஒரு வரப்பின் இரண்டு பக்கமும் நான் குனிந்து பார்த்து வளை வாய்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

“எலேய் மக்கா, எத்தன வாயி?”

“ஏழு இருக்கு பாட்டா.”

“எட்டாவது எங்கன்னு பாரு. அது இல்லாம அவ குடியிருக்க மாட்டா.”

எட்டாவது வாய் கண்ணுக்குத் தெரியாது. வரப்பெலி தன் வளையின் ஒரு கிளையை மேல்மண் வரைக்கும் தோண்டிக்கொண்டு வந்து, விரல் கனத்துக்கு மண்ணை விட்டுவைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புல் முளைத்த வெறும் வரப்புதான். ஆபத்து வந்தால் அந்த மெல்லிய மண்ணைத் தலையால் முட்டி உடைத்துக்கொண்டு ஓடிவிடும். தெரிகிற வாயையெல்லாம் அடைத்துவிட்டு நாயை நிறுத்தி, காணாத வாய் வழியாக எலியை விடுகிறவன்தான் புதுசாக வருகிறவன். அந்த வாயைக் கண்டுபிடிக்கப் பாட்டா ஒரு வழி வைத்திருந்தார். எலியை விரட்டுவதற்காகப் புகை போடுவதில்லை முதலில். பார்ப்பதற்காக லேசாகப் போடுவார். பானையில் காய்ந்த கதம்பையும் வைக்கோலும் சாண வறட்டித் துண்டும் போட்டுத் தீ மூட்டி, பானையின் வாயை வளையோடு பொருத்தி, பின்பக்கத் துளையில் ஊதுவார். கொஞ்ச நேரத்தில் வரப்பின் எதிர்ப்பக்கம், நாம் நினைத்தே பார்க்காத புல் தூரிலிருந்து நூல் மாதிரி புகை எழும்பும். அதுதான் எட்டாவது. அதன் மேல் வலையைப் போட்டு நாலு பக்கமும் குச்சி குத்தின பிறகுதான் நாயை அவிழ்ப்பார்.

வளை பார்ப்பது முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். வயலைச் சுற்றி நடந்து கண்ணில் பட்ட வாயையெல்லாம் சேறு வைத்துக் காலால் மிதித்து அடைத்துவிட வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால் சிலது அடைத்தபடியே இருக்கும். அவை ஆளில்லாத வளைகள். திறந்து கிடப்பவற்றில்தான் வேலை. இதைச் செய்யாமல் நேரே போய்த் தோண்டுகிறவர்கள் பாதி நாளைக் காலி வளையில் கழிப்பார்கள். வரப்பும் கெடும், தண்ணீரும் ஒழுகும், வயல்காரர் இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்.

காலையில் பார்க்கிறபோது மண்ணைத்தான் பார்க்க வேண்டும். வரப்பெலி மண்ணை வெளியே தள்ளிக் குவித்துப்போடும். குவியலின் மேல்மண் ஈரமாக, கருத்து, உருண்டை உருண்டையாக இருந்தால் ராத்திரி வேலை நடந்திருக்கிறது. வெளுத்துக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தால் பழசு. வாயில் சிலந்திவலை இருந்தால் அங்கே நிற்கவே வேண்டாம். பக்கத்துத் தண்ணீரில் நெல்தண்டுத் துண்டுகள் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலி வெட்டிய தண்டு சரிவாக, கத்தியால் சீவியதுபோல இருக்கும். இன்னொன்றும் கவனிக்கணும். வரப்பெலி ஓரத்துப் பயிரை விட்டுவிட்டு வயலின் உள்ளே போய்த்தான் வெட்டும். ரோட்டில் நின்று பார்க்கிறவருக்குப் பயிர் பச்சையாகத் தெரியும், நடுவில் பாய் விரித்த அளவுக்கு வெட்டிச் சாய்த்திருக்கும். இறங்கி நடக்காத வயல்காரர் அறுப்பன்றைக்குத்தான் அதைக் கண்டு நெஞ்சில் கை வைப்பார்.

வரப்பில் சுண்டெலி வளையும் இருக்கும், வெள்ளெலி வளையும் இருக்கும். சுண்டெலி வளையின் வாய் கட்டை விரல் நுழைகிற அளவுதான். வெள்ளெலி மேட்டுப் பாங்கான தரையில், தென்னந்தோப்பு ஓரத்தில் இருக்கும். இரண்டும் சேதம் செய்யும், ஆனால் நம் நெல்லுக்குப் பெரிய எதிரி வரப்பெலிதான். பெருச்சாளி ஊருக்குப் பக்கம், கால்வாய்க் கரையில் இருக்கும். அதன் பக்கம் புதுக் குட்டியைக் கொண்டு போகக் கூடாது.

பாம்பு பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நல்ல பாம்புக்கும் சாரைக்கும் எலி வளைதான் வீடு. எலி மண்ணைத் தள்ளும், பாம்பு தள்ளாது. வாய் வழவழப்பாக, புது மண் இல்லாமல், உள்ளே போய் வந்த தடம் மெழுகினதுபோல இருந்தால் அந்த வளையை விட்டுவிட வேண்டும். எந்த வளையிலும் கையை விடக் கூடாது. பத்து எலி பிடித்த தைரியத்தில் பதினொன்றாவது வளையில் முழங்கை வரை விட்ட ஒருவரை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். நேரத்துக்குப் போனதால் விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைத்தார். வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது எல்லாம் கூடாது. காலையோ கையையோ அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். பாம்பையும் அடிக்கக் கூடாது. நாம் ஒரு காலையில் பிடிக்கிற எலியை அது சத்தமில்லாமல் வருஷம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாய் பாம்பு வளையைச் சொல்லிவிடும். எலி இருந்தால் வால் ஆடும், மூக்கை வளையில் வைத்து அழுத்தும், முன்காலால் மண்ணைக் கீறும். பாம்பு இருந்தால் கழுத்து மயிர் சிலிர்த்து இரண்டடி பின்னால் நிற்கும். கீறாது. அப்போது போ போ என்று ஏவுகிறவன் நாய் வளர்க்கத் தகுதியில்லாதவன்.

இப்போது கைப்பேசியில் பையன்கள் வெளிநாட்டு வீடியோ காட்டுகிறார்கள். இங்கிலாந்தில் ஃபெரட் என்று ஒரு பிராணி. மரநாய்க்குச் சின்னத் தம்பி மாதிரி நீளமாக இருக்கிறது. முயல் வளையின் வாய்களில் எல்லாம் சிறு சிறு சுருக்குவலை போட்டு மூடி, ஒரு வாயில் ஃபெரட்டை விடுகிறார்கள். அது உள்ளே புகுந்து விரட்ட, முயல் வெளியே பாய்ந்து வலையில் மாட்டுகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர், ஸ்பெயின் நாட்டில் இப்படி ஒரு பிராணியை வாய்ப்பூட்டுப் போட்டு முயல் வளைக்குள் விட்டதை எழுதி வைத்திருக்கிறாராம். எனக்கு அந்த வீடியோவில் பிடித்தது ஃபெரட் இல்லை. அதைப் பையிலிருந்து எடுக்கும் முன்னால் அதன் சொந்தக்காரக் கிழவர் ஒவ்வொரு வாயாகத் தேடித் தேடி வலை போட்ட நிதானம்தான். பாட்டா செய்ததையேதான் அவரும் செய்தார். அவருக்கு ஃபெரட், நமக்குப் புகை. உள்ளே எதை அனுப்பினாலும் வெளியே வழி அடைத்திருக்க வேண்டும்.

அதைப் பார்த்துவிட்டு, “மாமா, நாம கீரிய வளத்து விட்டா என்ன?” என்று ஒரு பையன் கேட்டான். விடக் கூடாது. கீரி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி. பிடிப்பதும் குற்றம், வளர்ப்பதும் குற்றம். காட்டு முயலும் அப்படித்தான். எங்கள் சின்ன வயதில் பொத்தையடி, மருந்துவாழ்மலை அடிவாரத்தில் முயலுக்கு வலை கட்டப் போகிறவர்கள் இருந்தார்கள். 1972-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு அது முடிந்துபோன கதை. முடிந்ததும் நல்லதுதான். நம் வேலை எலியோடு நிற்க வேண்டும்.

கீரியை வேலைக்கு விட்டுப் பார்த்த நாடும் உண்டு. 1872-இல் ஜமைக்காவில் ஒரு கரும்புத் தோட்டக்காரர் எலித் தொல்லை தாங்காமல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளைக் கப்பலில் வரவழைத்தார். தொடக்கத்தில் எலி குறைந்தது. பிறகு கீரி பெருகி, தரையில் கூடு கட்டுகிற பறவை, பல்லி, பாம்பு, வீட்டுக் கோழி எல்லாவற்றிலும் வாய் வைத்தது. எலி ராத்திரி வெளியே வருவது, கீரி பகலில் வேட்டைக்குப் போவது. மிச்ச எலிகள் பிழைத்துக்கொண்டன. முயலை ஒழிக்க நியூசிலாந்துக்குக் கொண்டு போன ஃபெரட்டும் அந்த நாட்டின் பறக்கத் தெரியாத பறவைகளுக்கு எமனாகிவிட்டது. நாய் மட்டும்தான் கூப்பிட்டால் திரும்பி வரும். அதனால்தான் இந்த வேலைக்கு நாயை நம்புகிறேன்.

எந்த நாய் என்பது அடுத்த கேள்வி. ராஜபாளையம் வேண்டும், சிப்பிப்பாறை வேண்டும் என்கிறார்கள். அழகான நாய்கள், சந்தேகமில்லை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள். பொட்டல் வெளியில் ஓடுகிற பிராணிக்காக வளர்த்து வந்த இனம். அரை அடி வரப்பில் மூக்கை வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்பது அவற்றின் சுபாவம் இல்லை. நீளக் காலை வைத்துக்கொண்டு நாற்று மேல் துள்ளினால் வயல்காரருக்கு எலியே தேவலை என்று தோன்றிவிடும். எலிக்குத் தெரு நாட்டு நாய்தான். குட்டையாக, மூக்கு நல்லதாக, சத்தத்துக்கு மிரளாததாக இருந்தால் போதும். நான் பெட்டைகளைத்தான் வைத்துக்கொள்வேன். ஆண் நாய் வரப்பில் நிற்கும்போதே அடுத்த ஊர் நாயின் மணம் பிடித்துப் போய்விடும்.

என்னிடம் இருந்தவற்றில் கறுப்பி என்று ஒரு பெட்டை. அவளிடம்தான் நான் அதிகம் படித்தேன். புகை போட்டவுடன் மற்ற நாய்கள் புகைகிற வாயையே பார்த்து நிற்கும். அவள் ஒரு தடவை மூக்கை வைத்துப் பார்ப்பாள், பிறகு தலையைச் சாய்த்து ஒரு காதைத் தரைப்பக்கம் கொடுத்துக்கொண்டு வரப்பின் மேல் ஒவ்வொரு அடியாக நடப்பாள். எலி உள்ளே ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ஓரிடத்தில் நின்று முன்கால் ஒன்றை மடித்துத் தூக்கினால், எலி அதற்கு நேர் கீழே இருக்கிறது. நான் வலை போட்ட இடம் வேறாக இருந்தால் வலையை எடுத்து அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள வாயில் போடுவேன். கவ்வினால் கழுத்தில் ஒரே கவ்வு, ஒரு உதறு. அவ்வளவுதான். எலி துடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது. அதில் நான் கண்டிப்பு. எலி பயிருக்கு எதிரி என்பதற்காக அதைப் பிடித்து வைத்து விளையாட்டுக் காட்டுகிற பையனை நான் கூட வைத்துக்கொள்வதில்லை.

குட்டியைப் பழக்கும்போது அவசரம் ஆகாது. நாலைந்து மாதத்தில் பெரிய நாயோடு வரப்புக்குக் கூட்டிப் போகலாம், வேலை கொடுக்கக் கூடாது. செத்த எலியை மோந்து பார்க்கவும் கவ்வவும் விடலாம். ‘விடு’ என்றால் வாயில் இருப்பதை விட வேண்டும், ‘நில்லு’ என்றால் தோண்டாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டும் படியாத நாயை எலி மேல் ஏவக் கூடாது. முதல் எலி சின்னதாக இருக்க வேண்டும். வளர்ந்த வரப்பெலி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உர்ரென்று உறுமி எதிர்த்து நிற்கிற பிராணி. அதன் கீழ்ப்பல் குட்டியின் மூக்கில் ஏறிவிட்டால் அந்த நாய் ஆயுசுக்கும் வளைப்பக்கம் போகாது. அப்படிக் கெட்டுப்போன நல்ல ஜாதிக் குட்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு வயசு தாண்டி, பெரிய நாய் பிடிப்பதை ஒரு பூ பார்த்து முடித்த பிறகு விட்டால் தானாகச் செய்யும்.

கால்வாய்த் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் புகைக்குப் பதில் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. குடம் குடமாக ஊற்றினால் எலி நனைந்து வரும், ஓட்டம் குறைவு, குட்டி நாய்க்கு நல்ல பயிற்சி. ஆனால் மணல் கலந்த வரப்பில் தண்ணீர் நின்று பிடிக்காது, எல்லாம் வயலுக்குள் ஒழுகிவிடும். களிமண் வரப்புக்குத்தான் அது சரி. புகைப்பானையை ஊதி ஊதிப் பாட்டாவின் உதடு கருத்து வெடித்திருக்கும். வட மாவட்டங்களில் இந்தத் தொழிலையே குலத்தொழிலாக வைத்திருக்கிற இருளர்களுக்கும் அதே கஷ்டம்தான். கையால் சுற்றிப் புகை தள்ளுகிற இரும்புக் கருவி ஒன்றை அவர்களுக்காகச் செய்த திட்டத்துக்கு 2003-இல் உலக வங்கிப் போட்டியில் பரிசு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்தேன். படித்த உடனே நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் படம் வரைந்து காட்டி, கொல்லன் துருத்தி மாதிரி ஒன்று செய்துகொண்டேன். இப்போதும் அதுதான் கையில். பாட்டா காலத்தில் கிடைத்திருந்தால் கடைசிக் காலத்தில் அவ்வளவு இருமியிருக்க மாட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கம் நாய் இல்லாமலே வேலை நடக்கிறது. மூங்கில் வில்லில் கயிறு கட்டி விறைப்பாக வளைத்து வைத்த கிட்டி. அந்தி மயங்குகிற நேரம் வறுத்த அரிசி வைத்து வயலுக்குள் வரிசையாக நட்டுவிட்டு வருகிறார்கள். எலி அரிசியை இழுத்தால் வில் விடுபட்டுக் கழுத்தில் இறுகிவிடும். ஹெக்டேருக்கு நூறு கிட்டி என்று வேளாண் பல்கலைக்கழகத்தார் கணக்குச் சொல்கிறார்கள். நான் அங்கே போய்ப் பார்த்து வாங்கி வந்தும் வைத்தேன். நல்ல கருவி. தண்ணீர் நிற்கிற வயலின் நடுவில், வரப்பு தூரமாக இருக்கிற இடத்தில், நாயை விடக் கிட்டிதான் மேல். நாய் வைத்திருக்கிறோம் என்ற பெருமையில் அதை ஒதுக்கக் கூடாது. ஆனால் விடிவதற்கு முன்னால் போய் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வருகிற பறவை மாட்டும்.

விஷம் வந்ததுதான் இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய மாற்றம். ஜிங்க் பாஸ்பைடு பொடி கடையில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் எங்களைக் கூப்பிடுவது குறைந்தது. நாற்பத்தொன்பது பங்கு இரையில் ஒரு பங்கு மருந்து, அதற்கு முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத வெறும் இரை வைத்துப் பழக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்லத்தான் செய்தார்கள். அந்த வெறும் இரை வைக்கிற பொறுமை யாருக்கும் இல்லை. முதல் நாளே மருந்து வைத்தால் கொஞ்சமாகத் தின்று வயிறு வலித்துப் பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது.  பிறகு எத்தனை கிலோ வைத்தாலும் மழையில் கரைவதுதான் மிச்சம்.

கறுப்பி போனதும் மருந்தில்தான். அடுத்த வயல்காரர் ஒருவர் சொல்லாமல் வைத்திருக்கிறார். காலையில் வரப்பில் தள்ளாடிக்கொண்டு வந்த எலியை அவள் வழக்கம்போலக் கவ்வினாள். நான் விடு என்று சொல்வதற்குள் விழுங்கிவிட்டாள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து சேர்ந்தபோது ஒன்றும் செய்வதற்கில்லை. அதிலிருந்து எங்கள் பக்கம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தோம். மருந்து வைக்கிறவர் முந்தின நாளே டீக்கடையிலும் கோயில் முகப்பிலும் சொல்லிவிட வேண்டும், வைத்த வரப்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், செத்த எலியைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். பகலில் தடுமாறி நடக்கிற எலி எங்கே தென்பட்டாலும் நாயைக் கட்டிப்போட்டுவிட வேண்டும். இதைப் புதுசாக வருகிறவன் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான வரப்பெலி பகலில் வெளியே உலாத்தாது.

கூகை குறைந்ததற்கும் மருந்து ஒரு காரணம். பனைமரத்துப் பொந்திலும் கோயில் கோபுரத்திலும் இருந்து இருட்டின பிறகு வயலுக்கு வரும். அபசகுனம் என்று கல்லெறிந்தவர்கள் ஒரு பக்கம், மருந்து தின்ற எலி ஒரு பக்கம். வயலில் தென்னை மட்டையை நட்டு உச்சியில் ஒரு குறுக்குக் குச்சி கட்டினால் கூகை வந்து உட்காரும். நட்ட சில நாளில் அடியில் கூகை கக்கிய உருண்டைகள் கிடக்கும். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் பிரித்துப் பாருங்கள். எலி மயிரும் சின்ன மண்டையோடும் பல்லோடு இருக்கும். ஓசியில் ராத்திரி வேலை பார்க்கிற ஆளை எப்படி விரட்ட மனசு வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. கதிர் பால் பிடித்து வந்ததும் குச்சியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் சிட்டும் கிளியும் அதில் உட்கார்ந்து நெல்லைத் தின்னும்.

எப்போது பிடிப்பது என்பதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். கதிர் வந்து, வெட்டு கண்ணில் பட்ட பிறகு ஆள் தேடுகிறார்கள். வரப்பெலி சினையாகிக் குட்டி போட மூன்று வாரம் போலத்தான் ஆகும், ஈற்றுக்கு ஆறு, எட்டு என்று போடும். போட்ட உடனே மறுபடி சினை பிடிக்கும். பயிர் கதிர் விடுகிற காலம்தான் அதற்கும் பேறுகாலம். தூர் கட்டுகிற பருவத்தில் ஒரு பெட்டையைப் பிடித்தால் அறுப்புக் காலத்தில் ஒரு கூட்டத்தையே பிடித்த மாதிரி. அம்பை பதினாறு நெல் போட்டால் விதைத்ததிலிருந்து அறுப்பு வரை நூற்றுப் பத்து நாளைக்கு மேல் கொஞ்சம்தான். அதில் நட்டு நாற்பது நாளுக்குள் எலி வேலையை முடித்துவிட வேண்டும். நட்ட முதல் வாரத்தில் எலி குறைவு, வரப்பு சுத்தமாக இருக்கும், வளை வாய் பளிச்சென்று தெரியும். அதுவே தோதான நேரம்.

அறுப்புக்குப் பிறகு தோண்டுவது வேறு கணக்கு. அந்தக் காலத்தில் அறுப்பு முடிந்த வயலில் வளை தோண்ட எங்களுக்கு அனுமதி உண்டு. உள்ளே அறை அறையாக இருக்கும். குட்டிக்கு வைக்கோல் மெத்தை ஒன்று, கதிர் வைக்க ஒன்று. கதிரறையைத் திறந்தால், காம்போடு வெட்டிய கதிர்கள் ஒரே திக்கில் தலை வைத்து அடுக்கியிருக்கும். பெரிய வளையில் ஓலைக் கடவத்தில் பாதிக்கு மேல் வரும். கஞ்சிக்கு வழியில்லாத வீடுகள் அந்த நெல்லில் சில நாள் பசியாறியிருக்கின்றன. எங்கள் வீடும் அதில் ஒன்று. வயலில் பிடித்த எலியைச் சுட்டுத் தின்றவர்களும் உண்டு. அதைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

முன்பெல்லாம் பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தால் கால்வாய் வரிசையில் வயல்பத்து முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடவு நடக்கும், ஒரே சமயத்தில் அறுக்கும். இரண்டு பூவுக்கும் இடையில் எலிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அதுவே பாதி எலியைக் குறைத்துவிடும். இப்போது ஒருவர் நட்டு ஒரு மாதம் கழித்து அடுத்தவர் நடுகிறார். நடுவில் வாழை, அதற்கடுத்து மனையாகப் பிரித்துக் கல் நட்டுப் புல் மண்டிக் கிடக்கிற நிலம். அறுத்த வயலிலிருந்து நிற்கிற வயலுக்கும், அதிலிருந்து வாழைக்கும், வாழையிலிருந்து மனைக்கும் எலி குடிபோய்க்கொண்டே இருக்கிறது. பைக் போகட்டும் என்று வரப்பையும் அகலமாக்கிவிட்டார்கள். ஒன்றரை அடிக்கு மேல் அகலமான வரப்பு எலிக்கு நாம் கட்டிக்கொடுக்கிற வீடு. சீவி ஒடுக்கிய வரப்பில் வளை எடுக்க அதற்கு இடம் போதாது. ஆகவே தனி ஒருவர் வயலுக்கு மட்டும் வரச் சொன்னால் நான் போவதில்லை. அவர் வயலில் இன்று பிடித்தால் அடுத்த வாரம் பக்கத்து வயல் எலி வந்து அதே வளையில் உட்காரும். ஒரு கால்வாய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ளவர்கள் சேர்ந்து கூப்பிட வேண்டும், மனைக்காரர் உட்பட.

உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வெடிப்போடு நின்றால் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சல், கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பு. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்து, மஞ்சள் காமாலையாகி, சிறுநீரகம் கெட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் எலி பிடிக்கிறவன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். டாக்டருக்குப் பாதி வேலை அதிலேயே முடியும். முட்டு வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, புண்ணிருந்தால் அன்றைக்கு லீவு. நாய்க்கும் இந்தக் காய்ச்சல் வரும். வெறிநாய்க்கடி ஊசியோடு இதற்கும் சேர்த்து வருஷா வருஷம் ஊசி போட வேண்டும். வேலை முடிந்ததும் வாயையும் பாதத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, மூக்கில் கடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சோறு வைக்க வேண்டும்.

கூலி பேசுவதையும் சொல்லிவிடுகிறேன், புதுசாக வருகிறவர்கள் அதில்தான் ஏமாறுகிறார்கள். முன்பு வாலுக்கு இவ்வளவு என்று பண்ணையில் எண்ணிக் கொடுப்பார்கள். வாலை வெட்டி ஓலையில் கோர்த்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வால் கணக்கில் வேலை செய்கிறவன் எலி நிறைந்த காலத்துக்காகக் காத்திருப்பான். நடவுக்குப் பிறகு வந்து, ஆங்காங்கே இருக்கிற ஒன்றிரண்டைத் தேடி அலைந்தால் அவனுக்குக் கட்டுப்படியாகாது. வயல்காரருக்கோ அந்த ஒன்றிரண்டுதான் முக்கியம். நான் வால் கணக்கை விட்டுப் பல வருஷமாகிறது. வயல்பத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்று நாற்றங்கால் போடும்போதே பேசிவிடுவேன். பாதியை நடவு முடிந்ததும் வாங்கிக்கொள்வேன். மீதி அறுப்பன்றைக்கு, வயல்காரரோடு நடுவயல் வரை இறங்கி நடந்து, வெட்டு எவ்வளவு என்று இருவரும் பார்த்த பிறகு.